கூட்டுப்பாடலை நடுக்குரலிலிருந்து தேர்ந்தெடுங்கள்

நீங்கள் கேட்டது இது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பதினெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள்: சோப்ரானோ (பெண் மேல்குரல்) 7, ஆல்டோ (பெண் கீழ்க்குரல்) 6, டெனர் (ஆண் மேல்குரல்) 2, பாஸ் (ஆண் கீழ்க்குரல்) 3. பாதிப் பேர் கோயில் பஜனையிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் சர்ச்சில் கீர்த்தனையும் பாமாலையும் பாடி வளர்ந்தவர்கள். நாலைந்து பேர் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை படித்திருக்கிறார்கள். செப்டம்பர் 24 மரபு தினத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடுகிறீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த கூட்டுப்பாடல்கள் எவை, அவற்றில் எங்களால் எதைப் பாட முடியும் என்பது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் ரசனை பற்றிய கேள்விதான். அடியில் இருப்பது வேறு. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடிப் பழகிய தொண்டை, பக்கத்தில் இருப்பவர் வேறு சுரம் பாடும்போது தன் சுரத்தில் நிற்குமா? நிற்கும். ஆனால் அது பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பொறுத்தது.

பெரும்பாலோர் மேல்குரலைக் கேட்டு மயங்கித்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெட்டு அங்கே இருப்பதால் அது இயல்பு. நான் ஆல்டோவை முதலில் பார்ப்பேன், அடுத்து டெனரை. ஆல்டோ வரியை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். அது தன்னளவில் ஒரு பாட்டாக நின்றால் அந்தப் பாடலை எடுக்கலாம். பதினாறு எண்ணிக்கைக்கு ஒரே பஞ்சமத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வைத்துவிடுங்கள். மூன்றாவது வாரமே ஆல்டோக்கள் சலித்துப்போய் மெட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள், உங்கள் நான்கு குரல் இரண்டாகிவிடும். எனக்குப் பிடித்த பாடல்கள் எல்லாமே நடுக்குரலில் நின்று பாடுகிறவருக்கும் ஏதாவது கொடுப்பவை.

முதலில் இந்த மண்ணின் பாட்டு. 'ன்கோசி சிகெலெல் இஆஃப்ரிக்கா'வை ஈனாக் சொன்டோங்கா 1897இல் இயற்றினார். ஜோஹானஸ்பர்க் அருகே மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். முதல் பத்தியும் பல்லவியும் அவருடையவை, மற்ற பத்திகளை 1927இல் கவிஞர் ம்கயி சேர்த்தார். இதை ஊரெங்கும் பரப்பியதில் ஓலாங்கே பள்ளிப் பாடகர் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இனாண்டாவில் ஜான் டூபே நிறுவிய அந்தப் பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதன் மெட்டு 'அபெரிஸ்ட்வித்' என்ற வெல்ஷ் பாமாலையிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். சாயல் இருக்கலாம், கடன் வாங்கியதற்கு உறுதியான சான்று கிடையாது.

விழாவில் எப்படியும் தேசிய கீதம் உண்டு. 1997இல் 'ன்கோசி'யையும் பழைய தேசிய கீதமான 'டீ ஸ்டெம்'மையும் இணைத்து உருவான அதில் பாதி வழியில் சுருதி மாறும். ஜி மேஜரில் தொடங்கி, 'டீ ஸ்டெம்' பகுதி வரும்போது டி மேஜருக்குப் போகும். கர்நாடகக் காதுக்கு இது ஆதார சட்ஜத்தையே பஞ்சமத்துக்கு நகர்த்துவது. பயிற்சி பெற்றவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் மனத்துக்குள் பழைய சட்ஜம் தம்பூரா போல மீட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் நிகழ்ச்சிக்குச் சொன்டோங்காவின் மூலப் பாமாலையைத் தனியாக நான்கு குரலில் எடுங்கள். சுருதி மாறாது. தொடக்கத்தில் நான்கு குரலும் ஒரே தாள நடையில் சேர்ந்தே நகரும், எனவே வரி தவறினாலும் சொல் தவறாது. 'யிஹ்லா மோயா', அதாவது 'ஆவியே இறங்கி வா' என்னும் பகுதியில் ஒரு பக்கம் அழைக்க மறுபக்கம் ஏற்கும். நாமாவளிக்குப் பின்பாட்டுப் பாடியவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும்.

அந்த 'யிஹ்லா'வில் நம்மவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். அங்கே வரும் ஒலி 'ஷ்ல'வும் இல்லை, வெறும் 'ல'வும் இல்லை. 'ல' சொல்ல நாக்கு நுனியை எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைத்துக்கொண்டு, குரலைக் கொடுக்காமல், நாக்கின் இரு ஓரங்களிலும் காற்றை ஊதுங்கள். ஒவ்வொருவராகச் செய்ய வைத்துக் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். உயிரெழுத்துகள் நமக்குச் சுலபம். இந்தப் பாடலின் மொழிகளான கோசாவும் சூலுவும் அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்தில் நிற்பவை. ஆனால் டர்பனில் இன்றைய இளையவர்கள் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் வாயில் 'ஓ' போய் 'ஓவ்' ஆகும், 'ஏ' போய் 'எய்' ஆகும். நீட்டிய சுரத்தின் வாலில் இந்த வளைவு வந்தால் காதுக்குச் சுருதி இறங்கியது போலவே கேட்கும். தாத்தா பாட்டி தேவாரம் பாடியபோது உயிரெழுத்து எப்படி நின்றதோ அப்படி நிற்கட்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இந்தப் பாடலின் தாள் உங்களுக்குப் பெரும்பாலும் டோனிக் சொல்ஃபாவில்தான் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா க்ளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய முறை அது. மிஷன் பள்ளிகள் வழியாக வந்து, தென்னாப்பிரிக்கக் குழுப்பாடலின் தாய்மொழியாகவே ஆகிவிட்டது. நமக்கு இதைப்போல வசதியான முறை வேறு இல்லை. சட்ஜம் எந்தச் சுருதியிலும் இருக்கலாம் என்பதுதானே நம் முறையும். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்றால் நம்முடைய ச, ரி, க, ம, ப, த, நி. அதாவது சங்கராபரணம். முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி மேலும் கீழும் இருந்தால் அடுத்த எண்ணிக்கை, ஒற்றைப் புள்ளி இருந்தால் அரை எண்ணிக்கை, கோடு இருந்தால் சுரத்தைப் பிடித்து நீட்ட வேண்டும். எழுத்தின் கீழே சிறு குறி மந்திர ஸ்தாயி, மேலே குறி தார ஸ்தாயி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சுரங்களை ஆங்கில முதலெழுத்தால் குறித்துப் பழகியவர்கள் சொல்ஃபாத் தாளைப் பார்த்ததும் குழம்புவார்கள். தாளில் 'எஸ்' என்று இருப்பது சோ, அதாவது பஞ்சமம். நம்மவர் அதைச் சட்ஜம் என்று பாடுவார். 'எம்' என்பது மீ, நம் காந்தாரம். அவர் மத்யமத்துக்குப் போவார். 'டி' என்பது டோ, நம் சட்ஜம். அவர் தைவதம் பாடுவார். 'ஆர்' மட்டும் இரண்டிலும் ரிஷபமே. முதல் வாரம் தாளில் எல்லாச் சுரத்தின் மேலும் தமிழில் ச ரி க ம எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஒரு மாலை வேலை, ஆனால் இரண்டு மாதக் குழப்பம் மிச்சம்.

அடுத்து எனக்கு மிகவும் நெருக்கமான பாடல், மொட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்ப்பூஸ்'. 1791 ஜூன் மாதம், இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, பாடென் ஊரில் பாடகர் குழுவை நடத்திய நண்பர் அன்டோன் ஷ்டோலுக்காக எழுதியது. மொத்தம் 46 பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு), மெதுவான நடையில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே. குரல் அளவு பற்றி அவர் எழுதிய ஒரே குறிப்பு 'சோட்டோ வோச்சே', தாழ்ந்த குரலில். சின்ன ஊரின் சாதாரணப் பாடகர்களுக்காக எழுதியதால் உச்சக் குரல் தேவையில்லை, ஓட்டமான சங்கதிகள் இல்லை. கஷ்டம் எல்லாம் நிதானத்தில்தான் இருக்கிறது.

சோப்ரானோவின் முதல் சொற்களையே பாருங்கள். டி மேஜரில் சட்ஜத்தை வைத்துக்கொண்டால் ப, தார சட்ஜம், கீழே க. பிறகு ப, பிரதி மத்யமம், சுத்த மத்யமம், அடுத்தடுத்து. படித்த ராகங்களில் இப்படி வராதே என்று சங்கீதம் பயின்றவர் திகைப்பார். அந்தத் திகைப்புதான் இந்த இடத்தின் அழகு. பஞ்சமம் ஒரு கணம் தலைகுனிந்து, இன்னும் ஒரு படி குனிவது போல இருக்கும். இங்கே எல்லாக் குழுக்களும் சுருதி இறங்குகின்றன, ஏனென்றால் இறங்கும் அரைச் சுரங்களைத் தொண்டை தேவைக்கு மேல் அகலமாக எடுக்கும். பிரதி மத்யமத்தைப் பஞ்சமத்தின் தோளில் சாய்ந்திருக்கும் சுரமாக நினைத்துப் பாடச் சொல்லுங்கள். கல்யாணி தெரிந்தவர் ஒருவரைச் சோப்ரானோவின் நடுவில் நிறுத்தினால் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் பாதியில், 'எஸ்டோ நோபிஸ்' என்ற இடத்தில், சோப்ரானோவும் ஆல்டோவும் முன்னே போக, டெனரும் பாஸும் அதே வடிவத்தைப் பின்னால் தொடர்வார்கள். பாஸும் டெனரும் அவசரப்பட்டுச் சேர்ந்துகொண்டால் அந்த இடம் பாழ்.

லத்தீன் உச்சரிப்பில் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு ஒரு தொல்லை வரும். 'கோர்ப்பூஸ்', 'நாட்டூம்' போன்ற சொற்களின் கடைசி உகரத்தை நாம் குற்றியலுகரமாக்கி இதழ் குவிக்காமல் விட்டுவிடுவோம். நாலு பேர் குவித்து, நாலு பேர் குவிக்காமல் பாடினால் சுரம் ஒன்றாயிருந்தும் குரல் ஒட்டாது. 'பூ' என்று சொல்லும்போது வாய் எப்படி இருக்கிறதோ, அதே வாய்.

மூன்றாவது, ப்ருக்னரின் 'லோக்குஸ் இஸ்டே'. 1869இல் லின்ஸ் நகரத்துப் பெரிய ஆலயத்தின் சிற்றாலய அர்ப்பணிப்புக்கு எழுதியது, 48 பார், சி மேஜர், வாத்தியமே வேண்டாம். 'இந்த இடம் இறைவனால் ஆனது' என்பது முதல் வரியின் பொருள். தலம் பாடும் மரபில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, உங்கள் குழுவின் இரண்டு பாதியும் மனம் ஒப்பிப் பாடலாம். நடுவில் பாஸ் தனியாகத் தொடங்கும் இடத்தில் மூன்று பேர் போதும், தைரியமாக எடுத்தால் சரி. அதற்குப் பிறகு பாஸ் ஒதுங்கிக்கொள்ள, மேல் மூன்று குரல்கள் மட்டும் மிக மென்மையாகப் பாடும் பகுதி வரும். சோப்ரானோவும் ஆல்டோவும் அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்கும். உங்கள் இரண்டு டெனர்களும் அங்கே வெளிச்சத்தில் நிற்பார்கள். தாழ்ந்த குரல் உள்ள ஆல்டோ ஒருவரை அந்த ஒன்பது பத்து பாருக்கு மட்டும் டெனரோடு சேர்த்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முடிவுக்குச் சற்று முன்னால் எல்லாக் குரலும் நின்று ஏறக்குறைய ஒரு பார் நீளத்துக்கு மௌனம். கல் கட்டடத்தில் முந்தைய ஒலி அந்த மௌனத்தை நிரப்பும். கம்பளம் விரித்த சமூகக் கூடத்தில் ஒன்றும் நிரப்பாது, பாடுகிறவர்களுக்குப் பயம் வந்து முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள். மனத்துக்குள் எண்ணச் சொல்லுங்கள். அதைச் சுருக்கக் கூடாது.

'ஹாலேலூயா'வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹாண்டெலின் 'மெசாயா' 1742இல் டப்ளினில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியின் முடிவில், பாடுகளும் உயிர்த்தெழுதலும் கடந்து வருவது இந்தப் பாடல். நாம் கிறிஸ்துமஸ் பாட்டாக்கிவிட்டோம். அரசர் இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றார் என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. இந்தப் பாடலை நான் நேசிக்கிறேன், ஆனாலும் இந்த ஆண்டு வேண்டாம் என்பேன். 94 பார். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் இடங்களில் எண்ணிக்கை தவறினால் மீட்கவே முடியாது. சோப்ரானோ நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறும் இடத்தில் ஏழு பேரும் கத்துவார்கள், இரண்டு டெனர் காணாமல் போவார்கள். அலெக்ரியின் 'மிசெரேரே'யும் அப்படித்தான். இரண்டு குழு, ஒன்பது குரல். எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த வானளாவிய உச்சச் சுரம் மூலத்தில் இருந்ததே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் பிரதிகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. கேட்டு மகிழுங்கள்.

சூலு மக்களின் வாத்தியமில்லாக் குழுப்பாடலான இசிகதாமியா எடுக்கலாமா என்பதற்கு என் பதில் தயக்கத்தோடு: ஒரு பாட்டு, சிறியதாக. சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த 'ம்பூபே'யிலிருந்து ஜோசஃப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோ வரை அந்தப் பாணியின் உடம்பே பாஸ்தான். தலைவர் ஒருவர், மேலே ஓரிருவர், கீழே ஒரு கூட்டமே பாஸ். உங்களிடம் மூன்று பேர். ஊர் விட்டு வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கிய தொழிலாளர்கள் வளர்த்த கலை அது. மெல்லிய பாஸோடு பாடினால் எலும்பில்லாமல் கேட்கும். சூலு பேசும் பக்கத்துக் குழு ஒன்றை அன்றைக்கு அழைத்துச் சேர்ந்து பாடுவதே அழகு.

இனி பயிற்சி. ஆறு மாதம் என்றால் 26 கூடுகை, ஏறக்குறைய 39 மணி நேரம். மூன்று பாடலுக்குப் போதும், நான்காவதற்கு ஆசைப்படாதீர்கள். முதல் மூன்று வாரம் மேலே சொன்ன எதையும் தொடாமல், உங்கள் எல்லோருக்கும் தெரிந்த மோகன ராக நாமாவளி ஒன்றை எடுத்து, பாதிக் குழு ஒரு வரி தள்ளித் தொடங்கட்டும். மோகனத்தில் அரைச் சுர நெருக்கம் எங்கும் இல்லாததால் எந்தச் சுரம் எதன் மேல் விழுந்தாலும் உரசாது. தன் வரியைப் பாடிக்கொண்டே பக்கத்து வரியைக் கேட்கும் பழக்கம் வலியில்லாமல் வரும்.

ஒவ்வொரு கூடுகையிலும் முதல் பதினைந்து நிமிடம் சுருதிப்பெட்டியோடு. பாஸ் சட்ஜம், டெனர் பஞ்சமம், சோப்ரானோ தார சட்ஜம், ஆல்டோ மட்டும் அந்தர காந்தாரம், அசைக்காமல். நல்ல தம்பூராவின் மந்திரத் தந்தியில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாக ஒலிக்குமே, அதைத்தான் ஆல்டோக்கள் தேட வேண்டும். பியானோவின் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். ஒரு அரைச் சுரம் 100 சென்ட் என்பதால் இது சிறிய அளவுதான், ஆனால் குரல்கள் பூட்டிக்கொள்வதற்கும் வெறுமனே பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். சரியான இடம் வந்ததும் அறையில் ஒலி திடீரென்று பெரிதாகும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாடல் தொடங்கியதும் சுருதிப்பெட்டியை அணைத்துவிடுங்கள். ம, த, ச சேரும் இடத்தில் பெட்டியின் பஞ்சமம் குறுக்கே நிற்கும். ப, நி, ரி சேரும் இடத்தில் அதன் சட்ஜம் நிஷாதத்தோடு மோதும்.

கமகத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். கீழிருந்து வழுக்கிச் சுரத்தைத் தொடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஒருவர் செய்தால் அழகு, ஏழு பேர் ஏழு வேகத்தில் செய்தால் சேறு. இதை மறக்கச் சொல்லாதீர்கள், மனம் புண்படும். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டுச் செய்த நோட்டு ஸ்வரங்களில் ஒன்றிரண்டைப் பாட வையுங்கள். சங்கராபரணத்தை அசைவே இல்லாமல் நேராகப் பாடுவதும் நம் வீட்டுச் சொத்துதான் என்று அவர்களுக்கே தெரியும்.

சுரம் முதலில், சொல் பிறகு. பாஸ் முதலில் கற்கட்டும், அதன் மேல் ஆல்டோ, பிறகு டெனர், கடைசியாகச் சோப்ரானோ. மெட்டைக் கடைசியில் வைத்தால் மற்றவர்கள் அதன் பின்னால் ஓடமாட்டார்கள். டெனர் இருவரையும் முன்வரிசை நடுவில் நிறுத்துங்கள், பின்னால் வேண்டாம். சோப்ரானோவில் இருவரை ஆல்டோவுக்கு மாற்றினால் எடை சரியாகும், ஆனால் யாரை என்பதை நேரில் குரல் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், எழுத்தில் சொல்ல முடியாது.

தமிழில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் பாடகர் குழுவை நிறுவிப் பாரதி பாடல்களைப் பல குரலில் அமைத்தார். பிரதி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். சர்ச்சிலிருந்து வந்தவர்களுக்கு ஜெர்மன் பாமாலை மெட்டுகள் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடி மிஷன் வழியாக அவை தமிழுக்கு வந்துவிட்டன. நீங்களே ஒரு மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்துவதாக இருந்தால் குறில் நெடிலைக் கவனியுங்கள். நீண்ட சுரத்தில் 'மனம்' என்று வைத்தால் கேட்பவர் காதில் 'மானம்' என்றுதான் விழும், 'படு' என்றால் 'பாடு'. நெடிலோ மெல்லின மெய் முடிவோ உள்ள அசையை நீண்ட சுரத்துக்கு ஒதுக்குங்கள். தேவாரத்துக்கு நான்கு குரல் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழம்பஞ்சுரப் பதிகம் ஒன்றைச் சங்கராபரணத்தில் எல்லோரும் சேர்ந்து பாட, பாஸ் மட்டும் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து நிற்பது வரை போகலாம். தோடி போல அசைவிலேயே வாழும் ராகத்தின் மேல் இசைவுச் சுரம் வைத்தால் ராகம் போய்விடும், இசைவும் வராது.

விழா அன்று கீபோர்ட் தேவையில்லை. ஏ சுருதியில் ஒரு ட்யூனிங் ஃபோர்க் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 440 என்று பொறித்திருக்கும். முழங்காலில் தட்டிக் காதோரம் வையுங்கள். 'ஆவே வேரும்' பாடலுக்கு அந்தச் சுரம் பஞ்சமம், சோப்ரானோவின் முதல் சுரமே அதுதான். 'லோக்குஸ் இஸ்டே'க்கு அது தைவதம். 'ன்கோசி'யை ஜி மேஜரில் பாடினால் அது ரிஷபம். அங்கிருந்து சட்ஜத்துக்கு இறங்கி, ச க ப என்று மெல்ல முனகுங்கள். ஒவ்வொரு குரலும் தன் சுரத்தை எடுத்து மூடிய வாயில் பிடித்துக்கொள்ளட்டும். ஆல்டோவிடமிருந்து காந்தாரம் வந்து சேர்ந்த பிறகு கையைத் தூக்குங்கள்.